காரணம்: பாட்டுச் சத்தம்

மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பாடசாலை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "டீச்சர், உங்க புவனாக்கா காலையில போயிட்டாங்களாம். ஹார்ட்டாம்." கையில் வெண்கட்டியோடு பஸ் ஏறினேன்.

அன்று வந்தது துக்கம் மட்டுந்தான். கோபம் வந்தது, அவர் இருபது வருடம் வேலை செய்த ஆஸ்பத்திரியின் அஞ்சலிக் கூட்டத்தில். காதுப் பிரிவில் மற்றவர்களின் கேட்கும் திறனைச் சோதித்தவரைப் பற்றி ஒருவர் பேசினார்: "வாக்மன் கேட்டு இடது காதை இழந்தவர். தன் தவறையே பிள்ளைகளுக்குப் பாடமாக்கியவர்." எல்லோரும் தலையாட்டினார்கள். புவனாக்காவை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: அது பொய்.

அம்பிட்டியவில் ஒரே வீட்டின் மேல்மாடியில் அவர், கீழே நான். அவர் யாழ்ப்பாணம், நான் நாவலப்பிட்டி. இருவருக்கும் சீனி வருத்தம்; நடக்கச் சொல்லி டொக்டரின் கட்டளை. விடிந்ததும் மேட்டு வீதியில் வேகமாக நடப்போம், ஆளுக்கொரு வாக்மனோடு. வீதியில் தமிழில் பேச அஞ்சிய நாட்கள் அவை. பேச்சுக்குப் பதிலாகப் பாட்டு. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது கை தானாகவே சத்தத்தைக் கூட்டிவிடும் என்று, சத்தம் கூட்டும் சில்லில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுத் தந்தார்.

"பக்கத்தில நிக்கிற எனக்கு என்ன பாட்டெண்டு விளங்கினால் அது உன்ர காதுக்குக் கூட. கோட்டைத் தாண்டாதை. ஒரு காதுதான் பாட்டுக்கு. மற்றது றோட்டுக்கு."

"இந்தச் சத்தத்துல எறும்புதாங்க்கா பாடும்."

"பாடட்டும். அறுபது வயசிலயும் நீ அதைக் கேக்கவேணும்."

நகரில் குண்டு வெடித்த ஒரு வாரம், வளைவில் புதிதாகத் தடை போட்டிருந்தார்கள். சீருடையில் நின்ற ஒருவன் புவனாக்காவின் அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்தான். காதிலிருந்த வயரைப் பிடுங்கித் தன் காதில் வைத்தான். தமிழ். "யார் அனுப்பிய சேதி?" என்று சிங்களத்தில் கேட்டான். "பாட்டு மஹத்தயா, பாட்டுத்தான்," என்று அவரும் சிங்களத்தில் சொன்னார். விரித்த கையால் இடது காதில் அறைந்தான். இரத்தம் நூல்போலக் கழுத்தில் இறங்கியது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாக்மனைப் பைக்குள் மறைத்துக்கொண்டேன்.

தன் பிரிவின் இயந்திரத்திலேயே தன் காதைச் சோதித்தார். செவிப்பறை கிழிந்தது மட்டுமல்ல, உட்காதும் பழுதாகிவிட்டது. பிரிவின் நோயாளர் அட்டையில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'பாட்டுச் சத்தம்' என்று எழுதினார்.

"ஏங்க்கா பொய் எழுதுனீங்க?"

"அடி எண்டு எழுதினால் ஆர் அடிச்சதெண்டு கேப்பினம். பிறகு ஏன் அடிச்சவனெண்டு கேப்பினம். அதுக்கும் நான்தானே பதில் சொல்லவேணும்?"

அதன்பின் நடையில் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டார். மிஞ்சிய ஒரு காது வீதிக்கு வேண்டியிருந்தது.

அட்டையைக் கண்ட மேலதிகாரி, நல்ல உதாரணம் கிடைத்ததென்று அவரைப் பாடசாலை பாடசாலையாக அனுப்பினார். என் வகுப்புக்கும் வந்தார். "மிஸ், டிஸ்கோவுக்கா போனீங்க?" என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது.

"ஓம் பிள்ளை, ஒவ்வொரு நாளும்!" என்று அவரும் சிரித்தார். பிறகு கோடு போடக் கற்றுக்கொடுத்தார். கேற்றடியில் என்னிடம் சொன்னார்: "சொல்லுற புத்தி உண்மை. காதுதான் பொய்."

கோட்டை ஒரு நாளும் தாண்டாத மனுஷி, தாண்டியவளாகப் பிள்ளைகள் முன் நின்றார். அடித்தவன் எந்தப் பாடசாலையிலும் நிற்கவில்லை.

அமைதியானவர், எதற்கும் கோபப்படாதவர் என்றும் கூட்டத்தில் புகழ்ந்தார்கள். இடப்பக்கமிருந்து அவர்கள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. அதற்குப் பெயர் அமைதியாம். நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கதிரையில் உட்கார்ந்தே இருந்தேன். இது இரண்டாவது தடவை.

மறுநாள் காதுப் பிரிவுக்குப் போய் அட்டையைத் திருத்தக் கேட்டேன். "செத்தவங்கட அட்டையத் திருத்த ஏலாது மிஸ்," என்றார்கள்.

சிவப்புக் கோடு என் வாக்மனில் இருக்கிறது. ஒரு காதில் பாட்டும் மறு காதில் வீதியுமாக அந்த ஏற்றத்தில் இன்றும் நடந்தேன். இனிப் புவனாக்காவை யாரும் கூட்டிப்போய் விசாரிக்க முடியாது. என்னை விசாரிக்கலாம். அந்தக் கட்டத்தை இங்கே நிரப்புகிறேன்.

காரணம்: அடி. கண்டவள்: நான்.