ஜூஜுவாடி வெயிலில் மங்கிய கண்

நரம்பு நோய் உள்ளவரை பஸ்ஸில் பெங்களூருக்குக் கூட்டிப்போவது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1993 மே மாதம் என் தங்கை மஞ்சுளாவோடு போன பயணம்தான் எனக்குத் தெரியும். அதையே எழுதுகிறேன்.

மஞ்சுளாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நுணுக்கமான பாகங்களைப் பொருத்தும் வேலை. முதலில் வலது கண் மங்கி, சில வாரங்களில் தானாகத் தெளிந்தது. பிறகு கால் மரத்தது. கையில் பிடித்த திருகாணி நழுவ ஆரம்பித்தது. கம்பெனி டாக்டர் எத்தனை முறை இரத்தம் எடுத்தாலும் நார்மல்தான். "ரத்தத்துல ஒண்ணுமில்ல. வேல செய்ய மனசில்ல, அவ்ளோதான்" என்று அவளை வைத்துக்கொண்டே சூப்பர்வைசரிடம் சொன்னார். அடுத்த மாதமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

வேப்பனப்பள்ளி வீட்டிலிருந்து காலையில் கிளம்பினோம். கிருஷ்ணகிரி வந்து பெங்களூர் பஸ் ஏறினோம். அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், ஓசூரிலிருந்து பெங்களூர் இன்னொரு நாற்பது. ஓசூர் வரை சிரமமில்லை. ஜூஜுவாடியில், மாநில எல்லையில், லாரிகள் சாலையை அடைத்து நின்றன. பஸ் நகரவில்லை. அத்திப்பள்ளி வரை நடந்தால் கர்நாடக பஸ் பிடிக்கலாம் என்றார் கண்டக்டர். இறங்கினோம். உச்சி வெயில். (அந்த முடிவை எடுத்தவன் நான்தான்.)

கொஞ்ச தூரம் போனதும் மஞ்சுளா என் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, கண்ணு திரும்பவும் மங்குது. காலும் நிக்கல."

டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். கடைக்காரர், "ஏனாயித்து, என்னாச்சு? வெயிலுக்கு மயக்கமா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டபடி பானைத் தண்ணீரில் துண்டை நனைத்து அவள் தலையில் போட்டார். அரை மணி நேரத்தில் பார்வை திரும்பியது. ஓடி விளையாடுகிற பெண் மாதிரி எழுந்து நின்றாள். எனக்கே ஒரு நொடி, டாக்டர் சொன்னது சரிதானோ என்று தோன்றியது.

பெங்களூர் மருத்துவமனையில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். வெயிலில் நடந்ததைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். முடிவு வந்தபோது எங்களை உட்காரச் சொன்னார்.

"மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். நரம்பு மேல இருக்கிற உறையை உடம்பே அரிக்குது. சூடு பட்டா கண்ணு, காலு மோசமாகும், குளிர்ந்தா திரும்பிடும். சாதாரண ரத்த டெஸ்ட்ல தெரியாதும்மா. ரத்தம் நார்மல்னு அவங்க சொன்னது நிஜம். நோய் இல்லைன்னு சொன்னதுதான் தப்பு."

குணமாக்கும் மருந்து இல்லை என்பதையும் சொன்னார். மஞ்சுளா அழவில்லை. "அப்ப எனக்கு நெஜமாவே நோய் இருக்குதுங்களா?" என்று மலர்ந்த முகத்தோடு கேட்டாள். அந்தச் சிரிப்புக்குக் காரணமான யாரையும் நான் மன்னிக்கப்போவதில்லை.

திரும்பும் வழியில் ஓசூரில் இறங்கி, தொழிற்சாலை அதிகாரியிடம் ரிப்போர்ட்டைக் காட்டினோம். வாங்கிப் படித்தார். "இப்படி ஒரு நோய் இருக்கிற பொண்ண எப்படிம்மா வேலைக்கு வெச்சிக்கிறது?" என்றார்.

போகிறவர்களுக்கு: விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஈரத்துண்டும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். வெயிலில் நடக்க விடாதீர்கள். பழைய ரிப்போர்ட்டில் நார்மல் என்று இருந்தாலும் கண் மங்கியது, கால் மரத்தது எல்லாவற்றையும் விடாமல் சொல்லுங்கள்.

இந்த நோயை முன்கூட்டியே காட்டும் அடையாளங்களை இரத்தத்தில் தேடுகிறார்களாம். போன வாரம் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் செய்தியை மஞ்சுளாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்த டெஸ்ட் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு எப்ப வரும்?"

"தெரியலம்மா."

"அதுவரைக்கும் நோயாளி சொல்றதயாவது நம்பச் சொல்லுண்ணா" என்றாள்.