மாமா தூங்கிட்டாரு

தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். எந்த வேலைக்கும் ஒரு நடைமுறை உண்டு; அதில் முதல் கேள்வி, பொறுப்பு யாருடையது என்பது. முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்றானபோது, மதுரையில் எலும்பு டாக்டராக இருக்கும் மச்சினனிடமும் அதைத்தான் கேட்டேன். கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்குச் சாலையிலிருந்து செங்குத்தாக இறங்க வேண்டும். கால் சரியாக அமையாவிட்டால் ஆயுளுக்கும் வீட்டுச் சிறை.

"ரோபோ மெஷின் வச்சுப் பண்றோம் மாமா. எலும்ப எதுவரைக்கும் வெட்டணும்னு அது எல்லையக் காட்டும். ரம்பம் அதத் தாண்டப் போனா தானா நின்னுரும். ஆனா பிடிக்கிறது என் கைதான்."

"வேற யாரும் தொடக்கூடாது."

"அக்கா மேல சத்தியம்."

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். நெஞ்சுக்கு மேல் பச்சைத் துணித் திரை. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள், மூடிக்கொண்டேன். சற்று நேரத்தில் மச்சினன் குரல் கேட்டது.

"மாமா தூங்கிட்டாரு. சார், நீங்க வாங்க."

"மாமா தூங்கலப்பா," என்றேன்.

யாரோ இருமினார்கள்.

"சும்மா பேசிக்கிட்டிருந்தோம் மாமா."

பிறகு ரம்பம் ஓடியது. "மேல் எலும்பு முடிஞ்சது, அடுத்து கீழ" என்றது எனக்குத் தெரியாத குரல். "சரிங்க சார்" என்றது தெரிந்த குரல். அத்தனை பணிவாக அவன் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. எழுந்து போகலாம் என்றால் கால் அவர்கள் வசம் இருந்தது.

வார்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் அந்த மெஷின்ல இன்னும் பழகி முடிக்கலையாம். அதான் பெரிய டாக்டர வச்சுப் பண்ணுனான். நல்லதுதான?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"உங்ககிட்டச் சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பீங்க. ஆபரேஷனே நடந்திருக்காது."

யார் மேல் சத்தியம் செய்தானோ, அவளே கூட்டாளி.

கால் நன்றாக அமைந்துவிட்டது. அதனால் புகார் சொல்லவும் இடமில்லை. கைத்தடி இல்லாமல் சரிவில் இறங்குகிறேன். பார்க்கிறவர்கள் மச்சினனின் கைராசி என்கிறார்கள். அவன் மறுப்பதில்லை, சிரிக்கிறான்.

போன வாரம் வீட்டுக்கு வந்து காலை மடக்கிப் பார்த்தான்.

"இடதும் தேஞ்சு கெடக்கு மாமா. வெரசாப் பண்ணிருவோம். இப்ப நான் நல்லாப் பழகிட்டேன்."

"அந்தப் பெரிய டாக்டர்கிட்ட நாள் கேட்டுச் சொல்லு. நீ வர வேண்டாம்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.