ரிலேயைக் கட்டிப்போட்ட நாள்

மொரப்பூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்த நான்காம் வருடம் நான் செய்த தவறு இது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை.

கடத்தூர் பக்கத்திலிருந்து ராஜாமணி என்ற பெண் கடைக்கு வந்தார். கணவர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருந்தார். இவர் தனியாளாகத் தக்காளி நாற்று நட்டு மூன்றாம் நாள். நாற்று வேர்பிடிக்க அன்றைக்கே உயிர்த்தண்ணீர் விட்டாக வேண்டும்.

"மோட்டார் பத்து நிமிசம் ஓடுதுங்கண்ணா, நின்னுபோவுது. மறுபடி போட்டா மறுபடி நிக்குது."

கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால், அது கருகாமல் இருக்க ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே அதை நிறுத்திவிடும். ஏன் இழுக்கிறது என்று தேடுவதுதான் என் வேலை. ஆனால் கம்பைநல்லூரில் இன்னொருவர் காத்திருந்தார். லோ வோல்டேஜாக இருக்கும் என்று நானே முடிவு கட்டி, ரிலே காண்டாக்டின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டேன். இனி ரிலேயால் எதையும் நிறுத்த முடியாது. மோட்டார் நிற்காமல் ஓடியது.

"நாளைக்கு வந்து சரியாப் பாக்கறேன்மா" என்று கிளம்பினேன்.

மறுநாள் போனபோது மோட்டார் காயில் கருகிய வாடை வரப்பிலேயே அடித்தது. வயலில் பாதிதான் நனைந்திருந்தது. ஃபியூஸ் கேரியரைக் கழற்றினேன். மூன்று ஃபேஸில் ஒன்றில் கம்பி லூசாகிக் கருத்திருந்தது. அதனால்தான் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்திருக்கிறது. முந்தின நாள் ஸ்க்ரூவை இறுக்கியிருந்தால் போதும்.

"தப்பு என்னுதும்மா. மோட்டாரக் காப்பாத்துற ரிலேய நான்தான் கட்டிப்போட்டேன்."

ராஜாமணி குனிந்து சாய்ந்த நாற்று ஒன்றை நிமிர்த்திவிட்டார். "அவசரப்படுத்துனது நானுங்கண்ணா. இப்ப என்ன பண்ணலாம், அதச் சொல்லுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மோட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்து புதுக் காயில் கட்டி வார்னிஷ் பூசினேன். அது காயும் வரை சும்மா உட்கார மனம் வரவில்லை. என் மனைவியையும் கூட்டிக்கொண்டு ராஜாமணியின் வயலுக்குப் போனேன். மூன்று பேரும் கிணற்றில் சேந்தி, குடம் குடமாகச் சுமந்து, தண்ணீர் பாயாத பாதி வயலின் நாற்றுக்கெல்லாம் ஊற்றினோம்.

"இந்த வரிச முடிச்சுட்டுச் சாப்டலாங்க்கா" என்று சொல்லிச் சொல்லியே என் மனைவி பொழுது சாயும்வரை ஓட்டிவிட்டாள். அந்தப் பக்கத்தில் பாதி நாற்று போனது, மீதி பிழைத்தது.

சில வாரம் கழித்து ராஜாமணியின் கணவர் வயிற்றில் கை வைத்தபடி மெல்ல நடந்து கடைக்கு வந்தார்.

"மோட்டார் பழசு, அதான் போயிருச்சுன்னு சொன்னா. நீங்களும் வூட்டுக்காரம்மாவும் தண்ணி தூக்குனீங்களாமா."

ராஜாமணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"நான் இல்லாதப்ப அவ ஒத்தையில அழுவலீங்க. எனக்கு அது போதுங்க" என்றார்.

ரிலே ட்ரிப் ஆகி மோட்டார் நின்றால், காரணம் தெரியும்வரை ஸ்டார்ட்டரை விட்டு நகராதீர்கள். தவறிவிட்டால் அவர்கள் வாசலுக்கு நீங்களே முதலில் போய் நில்லுங்கள்.