செவல் காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரம்

1965-ஆம் ஆண்டு அக்டோபர் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். எங்கள் வீட்டு அலாரம் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் சொல்கிறேன். முந்தின நாள் மாலை பிடித்த மழை ராத்திரியே விட்டிருந்தது. வானத்தில் மேகம் இல்லை. மேற்கேயிருந்து காற்று மட்டும் லேசாகக் கிளம்பியிருந்தது. இப்போது மழை வருவதையும் காற்று வருவதையும் செல்போனில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அதில் பாதி பொய். அன்று யாரும் எதையும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் வழியில் எங்கள் ஊர். எங்கள் மானாவாரிக் காடு செவல் மண். கரிசலாக இருந்தால் மழை பெய்து மூன்றாம் நாள்கூட ஏர் பூட்டலாம். செவல் பொறுக்காது; வெயிலும் காற்றும் சேர்ந்தால் அன்று மத்தியானமே வெளுத்துவிடும். இரண்டு வருடமாக மழை பொய்த்திருந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது எட்டுப் படி விதைக் கம்பு. அதை அந்த ஈரத்தில் போட்டால் வருடம் முழுவதும் சாப்பாடு உண்டு, போடாவிட்டால் இல்லை. ஒன்பது வயதில் எனக்கே அது தெரியும்.

ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா எங்கள் கிறிஸ்தவ சபையின் மூப்பர். ஞாயிறு எங்கள் வீட்டில் அரிவாளுக்கும் ஓய்வு, மாட்டுக்கும் ஓய்வு. அம்மா சனிக்கிழமையே விறகு பிளந்து வைத்துவிடுவாள். ஓய்வுநாளில் ஏரைத் தொடுவது ஆண்டவர் வேண்டாம் என்று சொன்ன காரியம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பது அப்பாவின் கட்சி.

அவர் அதைச் சொந்தத் தம்பியிடமும் காட்டியவர். அந்த வருடம் பங்குனியில் ஒரு ஞாயிறு கோடை மழை பெய்தபோது, சித்தப்பா யாரையும் கேட்காமல் மாட்டை ஓட்டிப்போய்த் தன் காட்டை உழுதுவிட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஜோடி மாடுதான். அடுத்த வாரமே அப்பா அதைச் சபைக் கமிட்டியில் எழுப்பினார். சித்தப்பா சபையார் முன்னால் எழுந்து நின்று தப்பு என்று சொன்னார். ஆறு மாதத்துக்கு அவருக்குத் திருவிருந்து கிடையாது என்று தீர்மானம். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் முன்னால் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கும்போது, சித்தப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த ஆறு மாதம் செப்டம்பரோடு முடிந்திருந்தது. அக்டோபர் மூன்றுதான் அவர் மறுபடியும் முன்னால் போகிற நாள்.

அன்று விடியக்காலையில் வாசலில் வந்து நின்றவர் அவர்தான்.

"அண்ணே, காத்து கிளம்பிருச்சு. மத்தியானத்துக்குள்ள செவல் வெளுத்துரும். என்ன செய்ய?"

"இன்னைக்கு என்ன கிழமை?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன்."

"தெரிஞ்ச பெறகு என்ன கேள்வி?"

சித்தப்பா சிரித்தார். "போன தடவை கேக்காமச் செஞ்சுதான ஆறு மாசம் பெஞ்சைத் தேச்சேன். அதான் இந்தத் தடவை கேட்டுக்கிட்டுச் செய்யலாம்னு."

அப்பா சிரிக்கவில்லை. "மழையைக் குடுத்தவருக்கு ஒரு நாள் ஈரத்தைக் காப்பாத்தத் தெரியாதா? நாளைக்கு வெள்ளன மாட்டைப் பூட்டுவோம். போய்க் குளிச்சுட்டு வெள்ளைச் சட்டையைப் போடு. இன்னைக்கு உனக்குத் திருவிருந்து."

"சரிண்ணே" என்று சித்தப்பா போய்விட்டார். அவருக்கு நான்கு பிள்ளைகள். வீட்டில் எங்களைவிடக் குறைவான கம்பு. ஆனாலும் தெருமுனை வரைக்கும் ஒரு தடவைகூட மேற்கே திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அதை நான் கவனித்தேன்.

அப்பாதான் பார்த்தார். ஆறு மணிக்கு மேல் என்னையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனார். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி உருண்டையாகப் பிடித்தார். உருண்டை நின்றது. கீழே போட்டார். பொழி வரப்பு ஓரமாக நடந்துவிட்டு வந்து மறுபடியும் பிடித்தார். நின்றது. வெயில் ஏறியது. மூன்றாவது தடவை பிடித்தபோது உருண்டையின் ஓரம் உதிர்ந்தது.

அந்த நேரம் பக்கத்துக் காட்டுக்காரர் தன் மாட்டோடு வந்தார். அவர் எங்கள் சபை இல்லை, முத்தாலம்மனைக் கும்பிடுகிறவர். நான் மாமா என்பேன். அப்பாவும் அவரும் மச்சான் மாப்பிள்ளை என்று பேசிக்கொள்வார்கள். அவர் தன் காட்டை விடிவதற்குள்ளேயே பாதி விதைத்திருந்தார்.

"என்ன மாப்ளே, மண்ணைப் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்குறீக? கொழுக்கட்டையா அவிக்கப் போறீக?"

அப்பா, ஏதோ ஆட்டை விலைபேசுகிறவர் போல, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்: "மச்சான், இந்தக் காடு இந்த வருசம் உங்களுக்கு வாரம். விளையுறதுல பாதி உங்களுக்கு."

"வாரமா? எப்பருந்து?"

"இப்பருந்து."

மாமா அப்பாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்தவர் காடு, அடுத்தவர் ஏர், அடுத்தவர் உழைப்பு. மூப்பர் கைபடாது. மூப்பருடைய மாடும் தொழுவத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டு ஓய்வுநாளை ஆசரிக்கும்.

"சரி, விதைச்சுத் தாரேன். விதை?"

"வீட்டுல இருக்கு."

"யாரு எடுத்துட்டு வாரது?"

அப்பா என்னைப் பார்த்தார். "இவன் கொண்டு வருவான்."

"ஏன் மாப்ளே, சின்னப்பயலுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாதாக்கும்?"

நான் ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தேன். அவ்வளவு பெரிய வேலையை அதற்கு முன் யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

அம்மாவிடம் அப்பா விதை கேட்டார் என்றேன். அவள் தானியக் குலுக்கைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஓலைப்பெட்டியில் நான்கு படி அளந்து தலையில் ஏற்றிவிட்டாள். "இரு" என்று இறக்கி வைத்தாள். "கோயில் சட்டையைக் கழத்திட்டுப் போ." வெறும் உடம்போடு இரண்டு நடை நடந்தேன், நடைக்கு நான்கு படி. இரண்டாவது நடையில் பார்த்தபோது அப்பா அங்கே இல்லை. கோயிலுக்குப் புறப்படக் குளிக்கப் போயிருந்தார்.

எங்கள் சபைக் கோயில் இரண்டு மைல். ஆராதனை ஒன்பது மணிக்கு. எல்லோரும் மழை கண்ட முகத்தோடு இருந்தார்கள். குருவானவர், மழைக்காக ஸ்தோத்திரம் சொல்லி மூப்பர் ஜெபிப்பார் என்று அறிவித்தார். அப்பா எழுந்தார். அவர் ஜெபித்தால் நீளமாக இருக்கும். பிள்ளைகள் நாங்கள் கண்ணைப் பாதி திறந்து பல்லிகளை எண்ணுவோம். அன்று நான் இரண்டு பல்லி எண்ணுவதற்குள் முடித்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு திருவிருந்து. பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். கடைசி பெஞ்சிலிருந்து சித்தப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவிச் சீவிய தலை, கல்யாண மாப்பிள்ளை போல. எங்கள் பெஞ்சு வந்ததும் நின்று அப்பாவின் தோளைத் தொட்டு, "வாங்கண்ணே" என்றார். அப்பா எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார். சித்தப்பா தனியாக முன்னால் போய் முழங்காலிட்டார். திரும்பி வரும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை விடியுமுன்னே அப்பா மாட்டை அவிழ்த்து சித்தப்பாவிடம் கொடுத்தார். "முதல்ல உன் காட்டை முடி." அன்று மாலை சித்தப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்: "அண்ணன் தன் காட்டைப் பாக்காம எனக்கு முதல்ல மாட்டை விட்டுருக்காக மதினி. எந்த அண்ணன் செய்வான்?" அம்மா அடுப்பை ஊதிக்கொண்டேயிருந்தாள். அடுப்பு ஏற்கனவே நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

சித்தப்பா உழுதது புழுதி. ஞாயிறு பகல் முழுவதும் அடித்த காற்று ஈரத்தைத் துடைத்து எடுத்துவிட்டது. அவர் போட்ட விதை மண்ணுக்குள்ளேயே பொரிந்துபோனது. மிச்சத்தை எறும்பு கொண்டுபோனது.

அவர் காடு கண்மாய்க்கு அந்தப் பக்கம். ஆகையால் எங்கள் காட்டைச் சனிக்கிழமைதான் பார்த்தார். நுகத்தடியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் பொழியில் நின்றுவிட்டார். காடு முழுக்கப் பச்சை, விரல் உயரம். நானும் அப்பாவும் அங்கே இருந்தோம். சித்தப்பா குனிந்து ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து அப்பாவிடம் நீட்டினார்.

"இது திங்கக்கிழமைக்கு அப்புறம் போட்ட பயிர் இல்லண்ணே."

"காட்டை வாரத்துக்கு விட்டுட்டேன். விதைச்சது மச்சான்."

"சரிண்ணே."

பயிரைக் கீழே போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான்கு எட்டு நடந்தவர் நின்றார். கோபமே இல்லாத குரலில், "இப்படி ஒரு வழி இருக்குன்னு எனக்கும் சொல்லிருக்கலாம்லண்ணே" என்றார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை.

நான் தண்டனைக்காகக் காத்திருந்தேன். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி வெட்டுக்கிளி வரும், அல்லது கதிர் கருகும் என்று தினமும் காட்டைப் போய்ப் பார்த்தேன். ஐப்பசியில் வேண்டிய நேரத்தில் வேண்டிய மழை பெய்தது. தை பிறக்கும்போது கதிர் ஒவ்வொன்றும் ஒரு முழம். எங்கள் காடு அப்படி விளைந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. வெட்டுக்கிளி வந்திருந்தால் அப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

களத்தில் அப்பா பாதியை அளந்து ஒதுக்கினார். மாமா வாங்கவில்லை. "நான் என்னைக்கு மாப்ளே வாரக்காரன் ஆனேன்? ஒரு நாள் ஏர்க்கூலியைக் குடுங்க, போறேன்." கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். வாரத்துக்கு விட்டேன் என்று அப்பா பிடித்துக்கொண்டு நின்ற கடைசிக் கொம்பும் அத்தோடு போயிற்று.

ஒதுக்கிய அந்தப் பாதியை வண்டியில் ஏற்றிச் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனோம். சித்தப்பா அதற்குள் அருப்புக்கோட்டைக்கு மில் வேலைக்குப் போயிருந்தார். சித்தி கதவுக்குப் பக்கத்தில் நின்றபடி, "அவுக வாங்க வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காக அத்தான்" என்றாள். வண்டியைத் திருப்பினோம். பின்னால் குடும்பத்தோடு டவுனுக்கே போய்விட்டார்கள். நான்கு பிள்ளைகளில் ஒருவர் கல்யாணமும் கோயிலில் நடக்கவில்லை.

அப்பா அந்தத் திருவிருந்துக்குப் போகாதது போலவே அடுத்த மாதமும் போகவில்லை. அதற்கு அடுத்த மாதமும். தகுதியில்லாமல் அப்பம் வாங்கக் கூடாது, முதலில் தன்னைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது போதனை; சபையார் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவேயில்லை. "மூப்பர் தன்னையே எப்படிச் சோதிச்சுப் பாக்குறாக பாருங்க" என்று மெச்சினார்கள். அந்த மெச்சல் அவர் வாயை இன்னும் இறுக்கிவிட்டது. தம்பியைப் போல எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும். அப்பா ஒரு ஞாயிறுகூடக் கோயிலுக்கு வராமல் இருந்ததில்லை. ஒரு முதல் ஞாயிறுகூட முன்னால் போனதுமில்லை. 1986 ஜனவரி இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, இறந்தார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்த அக்டோபர் மூன்றாம் தேதி வரைக்கும் முதல் ஞாயிறு என்றால் எனக்குப் பயம். பெரியவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட, காலியான பெஞ்சில் நான் மட்டும் கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்று அப்பா போகவில்லை. நான் நகர்ந்து அவரை ஒட்டி உட்கார்ந்தேன். அவர் கைக்குள் என் கையை வைத்தேன். குளித்த பிறகும் உள்ளங்கை ரேகையில் செவல் மண் இருந்தது. விதை சுமந்த பையனைத் தனியாக விட மனமில்லாமல், எனக்குத் துணையாகத்தான் இருந்துவிட்டார் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக அந்தக் கோயிலில் நான் அதற்கு முன் இருந்ததில்லை. அடுத்த முதல் ஞாயிறு எப்போது வரும் என்று நாள் எண்ணினேன்.

அன்றையது ஒன்று. அவர் இறப்பதற்கு முந்தின டிசம்பரோடு சேர்த்தால், அவர் எழுந்து போகாத திருவிருந்துகள் மொத்தம் இருநூற்று நாற்பத்து மூன்று.