இல்லாத மணி சாரும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் இந்த நினைவு மலரை வாசிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேராவது மணி சாருடன் தொலைபேசியில் பேசியிருப்பீர்கள். அவரை நேரில் பார்த்தவர் யாருமில்லை. விஷயம் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அக்காவின் வாழ்க்கையைச் சொன்னால் மணி சாரின் வாழ்க்கையும் அதிலேயே வந்துவிடும்.

அக்கா கோயம்புத்தூர் சிங்காநல்லூரில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நான் இளையவள். அப்பா மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. நான் பாவாடையில் மை கொட்டிக்கொண்டு வருவேன், அக்கா கிரீஸோடு வருவார். அம்மாவுக்கு இரண்டுமே பிடிக்காது.

அக்காவுக்குப் பிறவியிலேயே கனத்த குரல். பள்ளியில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாய மட்டும் அசை" என்பாராம் டீச்சர். அந்தக் குரலுக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் பட்டறைத் தொலைபேசி. அப்பா வெளியே போயிருக்கும்போது மணியடித்தால் அக்கா எடுப்பார்.

"ஏனுங்ணா, நம்ம மோட்டார் ரெடிங்களா?"

"சாயந்தரம் வந்து எடுத்துக்குங்க."

எதிர்முனையில் இருப்பவருக்குச் சந்தேகமே வராது. "நானில்லாத நேரத்துலதான் யாவாரம் நல்லா நடக்குது" என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்த அக்கா, மில்களில் மெயின்டனன்ஸ் வேலைக்கு அலைந்தார். எங்கு போனாலும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. பிறகு திருமணம் ஆனது. மாமா சாஃப்ட்வேர் டெஸ்டர். இருவரும் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனுக்கு வந்தார்கள். மகள் யாழினி இங்கேதான் பிறந்தாள். சில ஆண்டுகள் கழித்து எனக்கும் ஜெர்சி சிட்டியில் வங்கி வேலை கிடைத்தது. வாரக் கடைசி என்றால் நான் அக்கா வீட்டில்தான்.

க்ரீன் கார்டு வந்து, வீடும் வாங்கிய பிறகு மாமாவின் வேலை போயிற்று. அவர் பார்த்துவந்த வேலையை அப்படியே சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். வேலை சென்னையில், மாமா எடிசனில். அடுத்த வேலை சுலபத்தில் அமையவில்லை. மாமா லேப்டாப்பை மூடாமல் சோபாவிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அக்கா அவர் எதிரில் வந்து நின்று, "ஏனுங்க, நான் ஏசி, ஹீட்டர் வேல கத்துக்கப் போறனுங்க" என்றார். மாமா தலையாட்டினார். அவர் காதில் சரியாக விழுந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

தொழிற்பள்ளியில் சேர்ந்து அக்கா நன்றாகவே தேறினார். ஆனால் லைசென்ஸ் வேண்டுமானால் யாராவது ஒரு கான்ட்ராக்டரிடம் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்க வேண்டும். அக்கா கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள். பேசி முடித்து, "எங்கள் ஆபீஸில் ஃபோன் எடுக்க ஆள் வேண்டும், வருகிறாயா?" என்றார்கள்.

"என்ற மூஞ்சியக் காட்டுனா ஃபோன் வேலை. அப்ப ஃபோன்லயே பேசிப் பாத்துர்றேன்" என்றார் அக்கா. ஃபிராங்க் என்ற வயதான கான்ட்ராக்டர் ஒருவரைக் கூப்பிட்டார். தன் பெயரின் முன்பாதியை மட்டும் சொன்னார்: மணி. இதில் பொய் ஒன்றும் இல்லை. அமெரிக்கக் காதில் அது மேனி என்று விழும். இங்கே அது ஆண்களின் பெயர். குரலும் சேர்ந்துகொண்டதில் ஃபிராங்க் வேறெதுவும் கேட்கவில்லை. "திங்கட்கிழமை காலையில் பூட்ஸோடு வா" என்றார்.

திங்கட்கிழமை அவர் வாசலிலேயே நின்றிருந்தாராம்.

"மேனி எங்கே? நீ அவன் மனைவியா?"

"நான்தான் மணி."

"நீ பெண்ணாயிற்றே!"

"பூட்ஸ் கொண்டுவரச் சொன்னீங்க, கொண்டுவந்திருக்கேன். பெண் வரக்கூடாதுன்னு நீங்க சொல்லலியே."

ஃபிராங்க் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். ஆண்கள் பிரிவில் வாங்கியது, பாதத்துக்குக் கொஞ்சம் பெரியது. அவர் இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, "ஒரு வாரம் பார்க்கிறேன்" என்றார். அந்த ஒரு வாரம் லைசென்ஸ் வாங்கும்வரை நீண்டது. ஃபிராங்க் ஓய்வு பெற்றபோது தன் பழைய வேனை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

வேன் வந்தது, லைசென்ஸ் வந்தது, வாடிக்கையாளர்தான் வரவில்லை. தன் பெயரைச் சொல்லி அக்கா ஃபோனை எடுத்தால், "உங்க வீட்டுக்காரர்கிட்டக் குடுங்கம்மா" என்பார்கள். இப்படிச் சொன்னவர்களில் அமெரிக்கர்களைவிட நம்மவர்களே அதிகம். சம்பந்தப்பட்டவர்கள் இந்த மலரை வாசித்துக்கொண்டிருக்கலாம், அவர்கள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை.

சரி, வீட்டுக்காரரிடமே கொடுத்துப் பார்ப்போம் என்று மாமாவை முதலாளி ஆக்கினார் அக்கா. வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை, குழந்தை குளிரில் நடுங்குகிறது என்று ஒருவர் கூப்பிட்டார். மாமா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்றார். அத்தோடு அந்த வாடிக்கையாளர் போனார். அக்கா ஃபோனைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். மறுமுறை மணியடித்தபோது, சிங்காநல்லூர்ப் பட்டறையின் குரலில், "வணக்கமுங்க, மணி பேசறேன்" என்றார்.

மணி சார் எப்போதும் வெளியில் வேலையாக இருப்பார். "என்னால இப்ப வரமுடியாதுங்க. எங்க லேடி டெக்னீஷியன் ஒருத்தர அனுப்பறேன். என்னைய விட நல்லாப் பண்ணுவாங்க" என்பார். தன்னைத்தானே புகழ்ந்துகொள்ள அக்காவுக்குக் கிடைத்த வாய்ப்பு அது, கூச்சமே படமாட்டார். பத்து நிமிடத்தில் வேனில் போய் இறங்குவார். வேலை முடிந்த பிறகு சிலர் மணி சாருக்கு நன்றி சொல்லக் கூப்பிடுவார்கள். ஒருவர், "அந்த லேடிக்குச் சம்பளத்தக் கூட்டிக் குடுங்க சார்" என்று சிபாரிசே செய்தார்.

"யோசிக்கறனுங்க" என்றார் மணி சார். மாமா சிரிப்பை அடக்க மாட்டாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டார்.

இப்படியே சில ஆண்டுகள் போயின. மாமாவுக்கும் வேறு வேலை கிடைத்தது. பிறகுதான் பக்கத்து ஊர் பிரிட்ஜ்வாட்டரில் அந்த வளைகாப்பு வந்தது.

எனக்குக் கோயிலில் பழக்கமான ஒரு சென்னை ஆன்ட்டி, தன் மகளுக்கு வீட்டிலேயே வளைகாப்பு வைத்திருந்தார். நல்ல ஜூலை வெயில். வீடு நிறையப் பட்டுப்புடவைகள். நானும் ஒரு விருந்தாளி. வளையல் தட்டு வரும் நேரத்தில் ஏசி நின்றுவிட்டது. ஆன்ட்டி மணி சாரைக் கூப்பிட, சற்று நேரத்தில் கருவிப் பெட்டியோடு அக்கா வந்து இறங்கினார். நானும் அவரும் பார்வையாலேயே பேசிக்கொண்டோம்.

ஆன்ட்டிக்குத் திருப்தியில்லை. "இவ்ளோ பேர் இருக்காங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு வேர்த்துக் கொட்டுறா. தப்பா நினைக்காதீங்கம்மா, சாரையே நேர்ல வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் எதுலயும் கை வைக்க வேணாம்."

"சார் உங்கள்ட்டப் பேசுவாருங்க" என்று சொல்லிவிட்டு அக்கா பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் போனார். அங்கே ஏசியின் மூடியைக் கழற்றி வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்தபடியே ஆன்ட்டியின் செல்லுக்கு அடித்தார். அந்த இயந்திரத்திலிருந்துதான் வீட்டின் எல்லா அறைகளுக்கும் காற்றுக் குழாய்கள் போகின்றன. விசிறி ஓடாததால் குழாய்களில் வேறு சத்தமும் இல்லை. அக்கா இதை யோசித்திருக்க வேண்டும், அந்த அவசரத்தில் யோசிக்கவில்லை.

ஆன்ட்டி செல்லைக் காதில் வைத்தார். "வணக்கமுங்க, மணி பேசறேன்" என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. சாப்பாட்டு மேஜைக்கு அடியிலிருந்து கேட்டது. மாடியில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது. மணி சார் விடாமல் பேசினார்: "அந்த லேடி கைவச்சா தப்பாப் போகாதுங்க. பத்து வருசமா அவங்களப் பாக்கறேன். அவங்களாட்டம் வேல தெரிஞ்சவங்க இந்த நியூ ஜெர்சியிலயே கெடையாது. நம்புங்க."

கூடம் முழுவதும் அசையாமல் நின்றது. அங்கிருந்தவர்களில் பலர் வீட்டில் அக்கா வேலை பார்த்திருந்தார். எங்களை ஏமாற்றிவிட்டாய் என்று இவர்கள் திரும்பினால், அத்தனை ஆண்டு உழைப்பும் அன்றோடு முடிந்தது. ஆன்ட்டி காதிலிருந்து செல்லை எடுத்துப் பார்த்தார். குனிந்து, தரையிலிருந்த காற்றுத் துளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன்.

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, துளையிடம் வாயை வைத்து, "சரிங்க சார். நீங்க சொன்னா சரி. அவங்களையே பண்ணச் சொல்லுங்க" என்றார்.

கீழேயிருந்து அக்கா தன் சொந்தச் சிரிப்பைச் சிரித்தார். அதுவும் எல்லா அறைகளிலும் கேட்டது. வளையல் போட்டுக்கொள்ள வேண்டிய பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில், எங்கே வலி வந்துவிடுமோ என்று எல்லோரும் பயந்தார்கள். சற்று நேரத்தில் குளிர்ந்த காற்று வந்தது. அக்காவை உட்கார வைத்து, கலந்த சாதம் ஐந்து வகையும் பரிமாறி, முதல் வளையலையும் அவர் கைக்கே போட்டார் ஆன்ட்டி.

மணி சார் அன்றே ஓய்வு பெற்றிருக்கலாம். உண்மையில் ஓய்வு பெற்றது யாழினியால். அடுத்து வந்த பள்ளியாண்டில் அவள் வரலாற்று ப்ராஜெக்ட் செய்தாள். பழைய நூற்றாண்டுகளில் வேலைக்காக ஆண் வேடம் போட்ட பெண்களைப் பற்றியது. கப்பலில் பாய்மரம் ஏறியவர்கள், பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் என்று அவள் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகங்களையெல்லாம் அக்காவும் படித்தார். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் அவர்களைப் பற்றியே பேசினார்: "அவங்க முடிய வெட்டி, மாரை இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போனாங்க. மாட்டுனா அடி, அவமானம், செயிலு. நான் என்ன பண்ணுனேன்? தொண்டையக் கனைச்சேன், அவ்வளவுதான்." அரங்கமே கைதட்டியது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் புத்தகங்களில் ஒன்றை எடுத்து விரித்தார். யாழினியிடம், "இவங்கெல்லாம் பொம்பளைங்கன்னு எப்பத் தெரிஞ்சுது கண்ணு?" என்று கேட்டார்.

"மோஸ்ட்லி செத்ததுக்கப்புறம்தான், அம்மா. பாடிய வாஷ் பண்றப்போ."

"அப்பவாச்சும் அவங்க சொந்தப் பேரச் சொல்லி யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"ஐ டோன்ட் திங்க் ஸோ. யாருக்கும் தெரியாதே."

அக்கா புத்தகத்தை மூடி வைத்தார். "எனக்கு அப்படி வேண்டாம் அம்மிணி" என்று என்னிடம் சொன்னார். மறுநாள் முதல் தன் முழுப்பெயரைச் சொல்லி ஃபோனை எடுத்தார். "மணி சார் இல்லீங்களா?" என்று கேட்டவர்களிடம், "அவரு ரிட்டயர் ஆயிட்டாருங்க. நான்தான் முதலாளி, சொல்லுங்க" என்றார். சிலர் பட்டென்று வைத்தார்கள். அந்தக் கோடையில் வேன் பல நாட்கள் வாசலிலேயே நின்றது. இன்னும் கொஞ்ச காலம் மணி சாரை வைத்துக்கொள்ளலாமே என்று மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அவருக்கு வயசாயிருச்சுங்க" என்று அக்கா முடித்துவிட்டார். காப்பாற்றியது பிரிட்ஜ்வாட்டர் ஆன்ட்டிதான். தெரிந்தவர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டு, துளைக்குள் பேசிய கதையைத் தானே நடித்துக் காட்டி, அக்காவின் பெயரைச் சொன்னார். குளிர்காலத்துக்குள் வேலைகள் குவிந்தன. உதவிக்கு இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். இன்று அந்த வேனை ஓட்டுபவர்கள் அவர்கள்தான்.

நோய் வந்தது தெரிந்தபோது அது முற்றிப்போயிருந்தது. அழுதோம், ஆனால் அக்காவின் அருகில் அதிக நேரம் அழ முடியாது. மருத்துவமனைக் கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தவர், மேலே ஏசிக் காற்று வரும் சத்தத்தைக் கேட்டு, "பேரிங் போகப்போகுது. அவங்ககிட்டச் சொல்லிப் போடு" என்றார். பிறகு வீட்டிலேயே, மாமாவின் கையையும் மகளின் கையையும் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எங்களைச் சமைக்கவே விடாத எடிசன் நண்பர்களுக்கும், டெக்ஸாஸிலிருந்தும் கோவையிலிருந்தும் உடனே புறப்பட்டு வந்த உறவினர்களுக்கும், மகள்களைப் போல வந்து நின்ற அந்த இரண்டு பெண்களுக்கும், பிரிட்ஜ்வாட்டர் ஆன்ட்டிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எழுதாமல் விட்ட பெயர்களை அக்கா மறந்திருக்கமாட்டார்.

இன்னும் ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் பழைய வாடிக்கையாளர், தனியாக வசிக்கும் ஒரு வயதான அமெரிக்கப் பெண்மணி. காது சரியாகக் கேட்காது. மணி சார் என்று யாருமில்லை, நான்தான் அது என்று அக்கா எத்தனையோ முறை கத்திச் சொல்லியும் அவருக்கு அது ஏறவேயில்லை. இறுதிச் சடங்கன்று கைத்தடியோடு வந்து, நேராக மாமாவிடம் போய், அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மேனி, உன்னிடம் வேலை பார்த்தவர்களிலேயே சிறந்தவள் போய்விட்டாள். உனக்குப் பெரிய இழப்பு."

மாமா குனிந்து, அவர் காதருகே, எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார்: "முதலாளி அவள்தான் அம்மா. நான் அவள் வீட்டுக்காரன்."