உரித்தெடுத்த ஒரு சிவப்பு வட்டம்

என் மேசை இழுப்பறையில் சிவப்பு ஸ்டிக்கர் தாள் ஒன்று கிடக்கிறது. பொட்டு அளவு வட்டங்கள். ஒரே ஒரு வட்டம் மட்டும் உரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பு டீச்சர், "இது எனக்கு வேண்டாம் மேடம்" என்று திருப்பித் தந்த தாள். தூக்கிப்போட எனக்குத் துணிவில்லை.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு டிஸ்லெக்ஸியா பற்றிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. புத்தி நன்றாக இருக்கும், எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் மட்டும் பிள்ளை தடுமாறும். சோம்பேறி என்று திட்டாதீர்கள் என்று சொல்லித்தர இரண்டு நாள் கேட்டேன். ஒரு நாள் கொடுத்தார்கள். காரைக்குடியில் நடந்த அந்த ஒரு நாளிலும் விளக்கேற்றி, சால்வை போட்டு, வந்தவர்கள் பேசி முடிக்கவே மதியம் ஆகிவிட்டது. அந்த மூன்றாம் வகுப்பு டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து நான் தும்மினால்கூட எழுதிக்கொள்வார் போலிருந்தார். கடைசியாக ஸ்டிக்கர் தாளைக் கொடுத்தேன். அந்த வட்டத்தை ஆசிரியரின் பெயர்ப் பட்டியலில், தடுமாறும் பிள்ளையின் பெயருக்கு நேரே ஒட்ட வேண்டும். வேறு ஆசிரியர் வகுப்புக்கு வந்தாலும் அதைப் பார்த்து அந்தப் பிள்ளையை எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்லமாட்டார். பிள்ளைகளுக்கு இது தெரியவே கூடாது. இவ்வளவையும் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாலரை மணி பஸ்ஸுக்கு எல்லோரும் பையைத் தூக்கிவிட்டார்கள். "அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வட்டம் ஒட்டிவிடுங்கள், மற்றது கையேட்டில் இருக்கிறது" என்றேன். கையேட்டில் இல்லை. அதை எழுதியவளும் நான்தான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. அவர் வகுப்பில் அப்படி ஒரே ஒரு பெண்பிள்ளை. கணக்கை மனத்திலேயே போடுவாள்; கதையை ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வாள். டீச்சர் அவள் நோட்டு அட்டையின் நட்டநடுவில் வட்டத்தை அழகாக ஒட்டியிருக்கிறார். இரண்டே நாளில் வகுப்புக்கு விஷயம் விளங்கிவிட்டது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை.

"நீங்க ஒட்டச் சொன்னீகள்ல மேடம்? சொன்னபடிதானே ஒட்டுனேன்?" என்று டீச்சர் கேட்டார். குற்றம் சாட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். களையெடுக்கப் போயிருந்த அம்மா அப்போதுதான் வந்திருந்தார். "நாலு அடி அடிச்சிருந்தாக்கூட அனுப்பியிருப்பேன். எம்புள்ள மக்குன்னு நீங்களே முத்திரை குத்திட்டீக. இனி அங்குட்டு எப்புடி வருவா?" என்றார். டீச்சர் தரையில் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளையைப் பார்த்து, "தப்பு எம்மேலதான் தாயி, வந்துரு" என்று கெஞ்சினார். தப்பு என்மேல் என்று நான் சொல்லவில்லை.

அவள் தலையை மட்டும் நீட்டி மெதுவாகச் சொன்னாள்: "நல்லா வாசிக்கப் பழகிட்டு வாரேன் டீச்சர்."

நாளைக்கு மறுபடியும் பயிற்சி. அதே ஒரு நாள். விளக்கேற்ற ஆள் சொல்லியாகிவிட்டது. டீச்சர் இன்று காலை போன் செய்தார். வாராவாரம் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறார். "அவளா எடுத்து வாசிக்கிறா மேடம். ரெண்டாவது வரியில அழுதுட்டு எந்திரிச்சுப் போயிர்றா. நான் என்ன செய்யட்டும்?" என்றார். நாளை இந்தத் தாளைக் காட்டி நான் செய்ததை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று இழுப்பறையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைக்கிறேன். மிச்ச வட்டங்கள் எல்லாம் இன்னும் நன்றாகவே ஒட்டும்.