ஆட்சேபத்துடன் கையெழுத்து

கெய்ரோவில், அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக் அலுவலகத்தில், நானும் இன்ஸாஃபும் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. கூட்டங்களில் பேசுவதைக் குறிப்பெடுத்துத் தட்டச்சு செய்வது எங்கள் வேலை. வளவளவென்று யாராவது பேசினால் நான் பாதியை விழுங்கிவிடுவேன். அவள் விழுங்கமாட்டாள். ஒரு தூதர் தன் பேச்சைக் கொஞ்சம் மெருகேற்றித் தரச் சொன்னபோது, "நீங்க பேசுனதுதாங்க இது" என்று சிரித்தபடியே திருப்பிக் கொடுத்தவள். எனக்கு அவள்மேல் எரிச்சலும் உண்டு, அதைவிடப் பிரியம் அதிகம்.

நாற்பத்தொரு வயதுவரை அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. ஷுப்ரா பேட்டையில் மூத்த அண்ணன் மஹ்ரூஸோடு இருந்தாள். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். சமைப்பது, துவைப்பது, அவருடைய அரசியல் பேச்சைக் கேட்பது எல்லாம் இவள்தான். கடைசி வேலைதான் கஷ்டம் என்பாள்.

மொழிபெயர்ப்புப் பிரிவில் வஸ்ஃபி என்று ஒருவர், சிரியாவின் அலெப்போக்காரர், ஐம்பதை நெருங்கியவர். இரண்டு வருடமாக இவளுக்குப் பிஸ்தா கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குக் கேட்க வாய் வரவில்லை. 1961 இலையுதிர் காலத்தில் சிரியா எகிப்திடமிருந்து பிரிந்தது. தனி நாடாக லீக்கில் உட்கார்ந்தது. வஸ்ஃபியை டமாஸ்கஸ் அமைச்சகத்துக்கு அழைத்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் கிளம்ப வேண்டும் என்றதும்தான் மனிதருக்கு வாய் வந்தது.

அவள் வீட்டில் நான்கு அண்ணன்மார். தகப்பனார் இறந்ததிலிருந்து பெரிய விஷயம் எதுவானாலும் நால்வரும் சம்மதிக்க வேண்டும். மூவர் உடனே சரி என்றார்கள். மஹ்ரூஸ் மட்டும் மறுத்தார். 1958இல் இரண்டு நாடும் ஒன்றானபோது தெருவுக்கே சர்பத் ஊற்றியவர் அவர். பிரிந்த அன்று படுக்கையில் விழுந்து இரண்டு நாள் எழவில்லை.

"மூணு பேர் சரின்னுட்டாங்கள்ல? பெரும்பான்மைடி. பேசாம கெளம்பு" என்றேன்.

"பெரும்பான்மை முடிவு ஒத்துக்கிட்டவங்களத்தான் கட்டுப்படுத்தும். நம்ம லீக் சாசனத்துலயே இருக்கு, நீதான தட்டச்சு பண்ணுன?" என்றாள். பிறகு, "அண்ணன் முகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிறப்ப நான் அந்த வாசலத் தாண்டமாட்டேன், ஃபிக்ரிய்யா. வஸ்ஃபி போனா போகட்டும்" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த அண்ணன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். முலூகியாக் கீரைக் குழம்பும் முயல் கறியும் தீர்ந்ததும் ஒரு தாளை எடுத்து வைத்தாள். இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று கூட்டத் தீர்மானம் மாதிரியே எழுதியிருந்தாள். கீழே நான்கு பெயர்கள். மூவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

"என் வீட்டையும் லீக்கா ஆக்கிட்டியா?" என்றார் மஹ்ரூஸ். "அங்க மாதிரியே தின்னுட்டு, பேசிட்டு, ஒண்ணும் முடிவாகாம எந்திரிக்க வேண்டியதுதான்."

"அங்க இன்னொரு வழியும் இருக்குண்ணே. பிடிக்கலேன்னா ஆட்சேபக் குறிப்பு எழுதச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுவாங்க. முடிவும் நிக்கும், அவங்க சொன்னதும் நிக்கும்."

"கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை!"

"மீசைய நான் தொடலையே. சொல்லுங்க, ஒரு எழுத்து மாத்தாம எழுதறேன்."

அவர் என்னைப் பார்த்தார், தம்பிகளைப் பார்த்தார். நான் கண்ணெடுக்காமல் அவரையே முறைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுது. ஒண்ணு. ஒண்ணா இருந்த வீட்ட உடைச்சிட்டுப் போன ஊர்க்காரனுக்குப் பொண்ணு குடுக்கறது எனக்குச் சம்மதமில்ல."

எழுதினாள்.

"ரெண்டு. அவன் பிஸ்தாவ நானும்தான் தின்னேன். அதுல ஒண்ணும் குறையில்ல. ஆனா பிஸ்தாவுக்கெல்லாம் நான் மயங்கமாட்டேன்."

தம்பிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் எழுதினாள்.

"மூணு..." என்றவர் நிறுத்தினார். காப்பிக் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "காப்பி வெளிய கெடைக்கும். சோறும் கெடைக்கும். தினம் மூணு மணிக்கு இவ ஆபீஸ்லேருந்து வந்து சாவி போட்டுக் கதவத் தெறப்பா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் சாய்வு நாற்காலியிலேருந்து எந்திரிப்பேன். இனிமே மூணு மணிக்கு நான் என்னத்துக்கு எந்திரிக்கணும்? எழுதிக்க."

யாரும் சிரிக்கவில்லை. என் கோபம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. இன்ஸாஃப் ஒரு சொல் விடாமல் எழுதினாள். பிழையில்லை, அடித்தல் இல்லை, கண்ணீர் தாளில் விழாதபடி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டாள். எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"மூணாவத வேணா எடுத்துடவாண்ணே? இத அவரும் படிப்பாரே" என்றாள் மெதுவாக.

"படிக்கட்டும்" என்றார் மஹ்ரூஸ். "என் வீட்டுலேருந்து எத எடுத்துட்டுப் போறான்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா?"